ஆறாவது ஓகே

வடசேரியில் போன் பழுது பார்க்கிற கடையில் இன்று உன் போனைக் கொடுத்தேன். பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாத்திரலாம். உள்ள கெடக்கது போச்சுன்னா என்னைக் கேக்கப்படாது, ஓகேவா?" என்றார். என் வாயில் ஓகே வரவில்லை. உனக்கு எவ்வளவு எளிதாக வரும் மக்கா, அந்த வார்த்தை!

வளைகுடாவில் நம் படகில் பல நாட்டு ஆட்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒன்றுதான். நீ அதற்குப் பொருள் சொல்வாய். முதலாளி ஓகே என்றால், பேசினது போதும், போ. சமையல்காரர் ஓகே என்றால், குழம்பு தீர்ந்துவிட்டது. நீ உன் வீட்டுக்காரி பிலோமிக்குச் சொல்கிற ஓகேக்கு, "இதுக்கு மேல கேக்காதட்டி." சமீபத்தில் என் மகளின் பள்ளி அகராதியைப் புரட்டினேன். சரி, சம்மதம், நலம், பரவாயில்லை என்று போட்டிருக்கிறது. நீ சொன்ன மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை.

புயலில் ஆட்கள் திரும்பி வராத வருடத்துக்குப் பிறகு, நம் ஊர் கடியப்பட்டணத்தில் ஒரு நாள் குரல் வராவிட்டால் போதும், பெண்கள் கோவில் முற்றத்தில் கூடிவிடுவார்கள். ஆழ்கடலிலோ டவர் கிடையாது. அதனால் நாம் ஒரு வழி கண்டுபிடித்தோம். கடலுக்குப் போகிறவன் எத்தனை நாள் கடலோ அத்தனை குரல் முன்கூட்டியே பதிந்து, போனைக் கரையில் நிற்கிறவனிடம் கொடுத்துவிட்டுப் போவான். அவன் சாயங்காலத்துக்கு ஒன்றாக வீட்டுக்கு அனுப்புவான். கடலிலிருந்தே வருகிறது என்று வீட்டில் நம்புவார்கள்.

அந்தத் தடவை என் கையில் தூண்டில் முள் ஏறி வீங்கியதால் நான் கரையில் நின்றேன். நீ கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆறு நாளையும் ஒரே இருப்பில் பேசினாய். "ஓகேட்டி பிலோமி, சாப்பிட்டாச்சு, கடல் ஓகே." நாலாவதுக்கு வந்ததும் தொண்டையைச் செருமி, "ஏலே, நாலாம் நாளு களைச்ச மாதிரி இருக்கண்டாமா?" என்று குரலை இறக்கினாய். நான் சிரித்த சிரிப்பில் அதை மறுபடி பேச வேண்டியதாயிற்று. ஆறாவதைப் பேசும்போது நான் சாயா வாங்கப் போயிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலைமேல் சாய்ந்தாய். படகில் வயர்லெஸ் கெட்டுக் கிடந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று சாயங்காலம் மூன்றாவதை அனுப்பினேன். மறுநாள் நாலாவது, அதற்கு மறுநாள் ஐந்தாவது. மூன்றுக்கும் பிலோமி சந்தோஷமாகப் பதில் போட்டாள். ஆறாம் நாள் மதியம் படகு வந்தது. உன்னை ஐஸ் அறையில் கிடத்தியிருந்தார்கள்.

காகிதத்தில் கரை சேர்ந்த நாளையே நீ இறந்த நாளாக எழுதினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. போன் கடலில் விழுந்துவிட்டது என்றும் சொன்னேன். உன்னைக் கொண்டு ஊருக்கு வந்ததும் பிலோமி அந்த ஐந்து குரலையும் என் முன்னால் போட்டுக் காட்டி, "முந்தின நாளு வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு, இல்லியா அண்ணா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அன்று மாட்டியவன்தான். வருடாவருடம் உன் நினைவுப் பூசை தவறான நாளில் நடக்கிறது, நான் முன்வரிசையில் நிற்கிறேன். பங்குச் சாமியார் உன் பெயரை வாசிக்கும்போது கதவு எந்தப் பக்கம் என்று கண் தேடும். உண்மையான நாளில் மட்டும், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, திருடனாக ஓடி வந்துவிடுவேன்.

இந்தப் புதன்கிழமை நான் போனபோது அங்கே ஏற்கெனவே ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பிலோமி.

"நாலாவதுல பின்னால வாங்கு கேக்குது அண்ணா. நடுக்கடலுல ஏது பள்ளிவாசல்?" என்றாள். உன்னோடு படகில் இருந்த ஒருவர் லீவில் வந்தபோது போய் எல்லாம் விசாரித்திருக்கிறாள். "நீங்களாட்டே சொல்லுவியன்னு பாத்தேன்."

"பயமாட்டு இருந்துச்சு பிலோமி."

"செத்த மனுசனுக்கு நான் பதில் போட்டுட்டு இருந்திருக்கேன்" என்றவள், சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போன் உங்ககிட்டதான இருக்கு?" என்றாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் தொடவில்லை.

"எத்தனை பேசினாரு?"

"ஆறு."

"எனக்கு அஞ்சுதான் வந்துச்சு."

"அனுப்பட்டா?"

"வேண்டாம். நீங்களும் கேக்காதீங்க. அவரு பேச இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கட்டு." எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். "மாமிக்கு இதொண்ணும் தெரியண்டாம், அவிய தாங்க மாட்டாவ. சனிக்கிழம பூசைக்கு எப்பவும் போல வந்திருங்க. ஓகேவா அண்ணா?"

ஓகே என்றேன். இந்தப் பொய்யிலிருந்து என்னைத் திறந்துவிட வந்திருக்கிறாள் என்று ஒரு நிமிடம் நம்பியிருந்தேன் மக்கா. அவளோ உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இன்று அந்தக் கடைக்காரரிடமும் கடைசியில் ஓகே என்று சொல்ல வேண்டியதாயிற்று. போனை அப்படியே விட்டால் வெடிக்கும் என்றார். அரைமணி நேரம் வாசலில் நின்றேன். கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். திரை ஒளிர்ந்தது. ஆறாவது அங்கேயே இருக்கிறது, பதினோரு வினாடி. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாளைக்குப் பூசை முடிந்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள். "கடைசியா எனக்க பிள்ள எப்பிடி இருந்தான் மக்கா?" என்று வருடாவருடம் கேட்பதைக் கேட்பாள். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலை நீ எப்போதோ பேசி, என் பையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.