ஒரு 'ஆஹா'வின் உரிமை

ஜூலை 7, திங்கள்

விடியலிலிருந்து மழை. வேலைக்காரி வரவில்லை. துணி உலரவில்லை.

இதைத் தமிழில் எழுதுவது மருமகளுக்காக. பேசுவாள், வாசிக்கத் தெரியாது. நோட்டை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

எங்கள் மாட்டுங்கா மாதர் சங்கத்தின் படம் தயார். தாராவியில் நடத்தும் எழுத்தறிவு வகுப்பைப் பற்றி, பன்னிரண்டு நிமிடம். ஞாயிறன்று ஒரு தமிழ்ச் சேனலில். வகுப்புப் பெண்கள் ஊருக்கெல்லாம் போன் செய்து சொல்லியாகிவிட்டது.

எடிட்டிங் செல்வி. தாராவியில் கல்யாண வீடியோ கடை வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. ராயல்டி-ஃப்ரீ என்று ஒரு கிட்டார் இசை வாங்கிப் போட்டிருந்தாள். பிஸ்கட் விளம்பரம் மாதிரி. எடுக்கச் சொல்லிவிட்டு, அவர் விட்டுப்போன பழைய கேசட்டிலிருந்து வீணையைப் போடச் செய்தேன்.

"மாமி, இதுக்குப் பேப்பர் இருக்கா?"

"கீர்த்தனை எழுதினவர் போய் இருநூறு வருஷம் ஆச்சு. யார் வந்து கேக்கப் போறா?"

"கடைசியில ஒரு ஐயா 'ஆஹா'ங்காவ. வெட்டிரட்டா?"

வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

சேனல் படிவம் வந்தது. 'இசை அனைத்துக்கும் உரிமை பெறப்பட்டது.' கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. பால் திரிந்தது. சேனலிலிருந்து மெயில். வீணை வாசித்தவர் யார்? அனுமதிக் கடிதம் எங்கே? வியாழன் மாலை ஐந்துக்குள். இல்லையென்றால் ஒளிபரப்பு இல்லை.

செல்விக்குப் போன்.

"நான் அன்னைக்கே கேட்டேம்லா மாமி. பாட்டுதான் பழசு. வாசிச்சது வாசிச்சவுகளுக்குச் சொந்தம்லா."

"அப்போ உன் கிட்டார் மட்டும் ஓசியா?"

"ஓசியில்ல. ஒருக்கா வாங்கிட்டா, ஒவ்வொரு தடவை போடுததுக்கும் திரும்பக் கேக்க மாட்டாவ, அம்புட்டுதான். அதுக்கும் கண்டிஷன் உண்டு. சர்ட்டிஃபிகேட் பக்காவா வச்சிருக்கேன்."

படிக்காமல் கையெழுத்துப் போடாதே. கான்வென்டில் சிஸ்டர் சொன்னது. தாராவி வகுப்பில் நான் நடத்தும் முதல் பாடமும் அதுதான்.

பி.பி. மாத்திரை போட்டேனா? நினைவில்லை.

ஜூலை 9, புதன்

கேசட் அட்டையில் 'வீணை, கல்யாணி ராகம்'. அவர் கையெழுத்து. வாசித்தவர் பெயர் இல்லை. கோயில் ஹாலில், ரெக்கார்டரை மடியில் வைத்து அவரே பதிவு செய்தது. அன்று நான் போகவில்லை. ஏதோ கோபம். எதற்கென்று இப்போது ஞாபகமில்லை.

விசாரித்தது: கோயில் ஆபீஸ் – தெரியாது. செம்பூர் சபா – போன் எடுக்கவில்லை. முலுண்ட் அம்புஜம் – "வீணையா, வயலினா?" என்று என்னையே கேட்டாள்.

மதியம் சங்கத் தலைவி மங்களத்தின் போன். "என்னடி ராஜி, எல்லாம் தெரிஞ்சவளாச்சே நீ! நாங்க ஏதாவது கேட்டா கண்ணாடிக்கு மேலால பாப்பே. இப்போ அந்தப் பொண்ணுகளுக்குப் படம் வராதுன்னு நீயே போய்ச் சொல்லு."

பேச்சை வளர்த்தால் சொல்லிவிடுவேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த 'ஆஹா' அவர். அவர் குரல் வேறு எதிலும் என்னிடம் இல்லை. வீணையை எடுத்தால் அதுவும் போகும். எடுக்காவிட்டால் முப்பது பெண்களின் படம் போகும்.

ஜூலை 10, வியாழன்

ஆட்டோவில் செல்வி கடைக்கு. கணுக்கால் வரை தண்ணீர். செருப்பு பிய்ந்தது. போனதும் சொல்லிவிட்டேன், அது யார் குரல் என்று.

செல்வி அரை கிளாஸ் கட்டிங் சாய் வரவழைத்தாள்.

"இத மொதல்லயே சொன்னா என்ன மாமி? நான் வேற வெட்டவான்னு கேட்டுட்டேன்." ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "வீணை அடங்குன பொறவுதான் ஐயா பேசுதாவ. கைதட்டுக்கு முந்தி. ஒத்தச் சொல்லு, தனியா வரும். அது ஐயாவே பிடிச்ச ரெக்கார்டு, ஐயா குரலு. இப்போ உங்களுக்குத்தான சொந்தம்?"

கிட்டார் திரும்ப வந்தது. கடைசிக் காட்சியில் எங்கள் வகுப்பு இசக்கியம்மாள் ரேஷன் படிவத்தை விரல் வைத்து வாசித்து, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடுகிறாள். இசை நிற்கிறது. ஆஹா.

கிட்டார் உரிமப் பத்திரம் நாலு பக்கம். ஒரு வரி விடாமல் படித்தேன். டி.வி.யில் போடலாம். இசையை மட்டும் தனியாக விற்கக் கூடாது. சேனல் படிவம் இரண்டு தடவை.

"மாமி, மணி நாலே முக்கா! இது என்ன பரீட்சையா?"

நான் எழுதியது: இசை – கிட்டார், சான்றிதழ் இணைப்பில். குரல் – என் கணவர் பதிவு செய்தது, இப்போதைய உரிமை என்னுடையது. 4.52க்குப் போயிற்று.

ஜூலை 11, வெள்ளி

மழை விட்டது. பத்து மணிக்குப் பதில். படம் ஏற்பு. ஒரே ஒரு கேள்வி: குரலுக்கு உரியவர் பெயரை டைட்டிலில் எப்படிப் போடுவது?

நாற்பத்தாறு வருஷம் அவர் பெயரை நான் சொன்னதில்லை. பாங்கில்கூடக் காகிதத்தில் எழுதிக் காட்டுவேன். கான்வென்ட் படிப்பு அந்த விஷயத்தில் உதவவில்லை.

டைப் செய்தேன். இனிஷியல் சரி. புள்ளி சரி. அனுப்புவதற்கு முன் வழக்கப்படி ஒரு தடவை உரக்கப் படித்தேன்.