அம்மா முடிந்துவைத்த முரசுக்காரன்

என் அருமைப் பொறுமைக்கடலே, அண்ணே,

உன் கூட்டாளி பீரண்ணன் நேற்றுக் கிளம்பிவிட்டார். திருவனந்தபுரம் போய் அங்கிருந்து விமானம். சவூதியில் ஏ.சி. மெக்கானிக் வேலை, இரண்டு வருஷ விசா. நீ இருந்திருந்தால் ஜங்ஷன் வரை போய் பஸ் ஏற்றிவிட்டிருப்பாய். நான் போகவில்லை. போயிருந்தால் நானும் அழுது அவரையும் அழ வைத்திருப்பேன்.

உனக்கு அதுவா முக்கியம்? சண்டை என்ன ஆச்சு என்றுதானே கேட்பாய். சொல்கிறேன், இரு. உன்னைப் போல நிதானமாகச் சொல்ல எனக்கு வராது.

நீ மஞ்சள் காமாலையில் போனதிலிருந்து சாப்பாட்டு மேஜை உன் போர்க்களமாகவே கிடந்தது. பச்சைத் துணிக்கு அடியில் புத்தகம் செருகிய மலைகள், அம்மாவின் நீலச் சேலையில் வெட்டிய ஆறு, தீப்பெட்டி அட்டையில் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் பீரண்ணனின் நீலச்சட்டைப் படை, இந்தப் பக்கம் உன் சிவப்புச்சட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளை பெட்ஷீட். அம்மாவும் நானும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் அந்தத் துணிதான் முதலில் கண்ணில் படும். வெள்ளைத்துணி மூடி நடுவீட்டில் எது கிடந்தாலும் எனக்கு இப்போது நீ கிடந்ததுதான் நினைவுக்கு வருகிறது. எத்தனை நாள்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

நீ கப்பல் வேலைக்குப் போன இடத்தில், ஏதோ ஒரு குளிர் துறைமுகத்தில், பெரிய பெரிய ஆம்பிளைகள் மேஜையைச் சுற்றி நின்று பொம்மைச் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு, சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்தாய். எல்லாரும் சென்ட் பாட்டிலும் டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்தார்கள், என் அண்ணன் பட்டாளத்தையே கொண்டுவந்தான். பீரண்ணனையும் அதில் இழுத்துவிட்டாய். போதாததற்கு ஒரு சட்டம் வேறு: சாயம் பூசாத ஆள் மேஜையில் இறங்கக்கூடாது. பூசாமல் ஒருத்தன் மிச்சம் இருந்தாலும் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கில்லை. நீயோ ஒரு பொத்தானுக்கு ஒரு பொழுதைச் செலவழிக்கிற ஆள். உன் படையில் பாதி பிஸ்கட் டப்பாவில் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

விசா வந்த செய்தியைச் சொல்ல வந்த அன்று பீரண்ணன் பெட்ஷீட்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, பேசாம எல்லாத்தையும் டப்பாவுல எடுத்து வச்சிருவமா?"

"எதுக்கு? மிச்சத்த நான் பூசுதேன். நீங்க போறதுக்குள்ள ஆடி முடிச்சிருவோம் பீரண்ணே."

அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். பீரண்ணன் போகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் சின்னப் பெயின்ட் டப்பாக்கள் எல்லாம் காய்ந்து கட்டியாகிவிட்டன. வண்ணாரப்பேட்டைக் கடைக்குப் போனேன். "கேட்டுக்கு அடிக்கவா, ஜன்னலுக்கா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி. "ஆளுக்கு" என்றேன். "எத்தன அடி ஆளும்மா?" சுண்டுவிரலைக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

முதல் சிப்பாய்க்கு மூக்கு மறைந்துபோயிற்று. அடுத்தவனுக்கு வாயும் சேர்ந்து போயிற்று. கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட் அல்லவா, தடிப்பாக அப்பிக்கொண்டது. அதைக் கழுவலாம் என்று ஒரு தம்ளரில் தின்னரை ஊற்றி, கெடுத்தவர்களை எல்லாம் உள்ளே போட்டுவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சாயத்தோடு ஆளும் கரைந்துகொண்டிருந்தான். கால் குழைந்து, துப்பாக்கி வளைந்து, ஒருத்தன் மேல் ஒருத்தன் ஒட்டிக் கிடந்தார்கள். அண்ணே, உன் காரியத்தன்று வராத அழுகை அன்றைக்கு வந்தது. முற்றத்தில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன்.

அம்மா தம்ளரை எட்டிப் பார்த்தாள். "போட்டும் விடுட்டி. மிச்சத்த அப்படியே போட்டு வையி" என்றாள். அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

பிறகு பைய வேலை கைவந்தது. டப்பாவில் முக்காமல், மூடியில் ஒட்டியிருக்கிற பெயின்ட்டில் ஒரு சொட்டு டர்பன்டைன் விட்டு, பிரஷ்ஷைத் துணியில் துடைத்துவிட்டு மெல்லத் தொட வேண்டும். டைப் அடிக்கத்தான் தெரியும் என் விரல்களுக்கு, தொடத் தெரியாது. ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. அந்தக் காய்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கொன்றது. வாசலுக்கும் முற்றத்துக்கும் நடையாய் நடந்தேன். சாரல் காற்று வேறு தெருப்புழுதியை அள்ளிவந்து ஈரச் சட்டைகளில் ஒட்டியது. ஊதினால் எச்சில் தெறிக்கும், தொட்டால் ரேகை பதியும். எப்படி அண்ணே உட்கார்ந்தாய்?

சட்டை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் ஒருவழியாக முடிந்து கண் வைக்கிற கட்டம் வந்தபோது அம்மா குறுக்கே வந்தாள்.

"துக்க வருசத்துல வீட்டுல பொம்மைக்குக் கண்ணு தெறக்கப்படாது."

"யாரும்மா சொன்னா?"

"நாந்தான் சொல்லுதேன்."

மறுநாள் பிரஷ்ஷைக் காணோம். தேடித் தேடிப் பார்த்தால் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. கத்திவிட்டேன். இந்த மேஜையை எப்போதுதான் மேஜையாகப் பார்ப்பது, எனக்கு மூச்சு முட்டுகிறது என்று என்னென்னவோ கத்தினேன். அவள் பாட்டுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கோயிலுக்குப் போன சமயங்களில் தையல் ஊசி முனையால் கண் வைத்தேன். முதலில் வைத்தவர்கள் எல்லாம் மாறுகண். ஒருத்தன் திருட்டு முழி முழிக்கிறான். ஆனால் கை ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்கிற அந்தச் சின்னப் பொழுதில் மட்டும் எனக்கு எங்கேயும் ஓட வேண்டும்போல இல்லை. நீ பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. இதற்குத்தான் உட்கார்ந்தாயா?

டப்பாவின் அடியில் கடைசியாகக் கிடந்த முரசுக்காரனைப் பூச எடுக்கப் போனால் ஆளைக் காணோம். தின்னரில் கரைந்தவர்களோடு அவனும் போய்விட்டான் போல என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பீரண்ணன் வந்தார். அவர் உம்மா கொடுத்துவிட்ட வட்டிலாப்பத்தை அம்மாவிடம் நீட்டிவிட்டு பெட்ஷீட்டை எடுத்தார். நான் பூசிய ஆட்களை ஒவ்வொருத்தராகக் கையில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் முழிக்கானுவ" என்றார்.

ஆடினோம். நீ நகம் கடித்து யோசிக்கிற இடங்களில் எல்லாம் நான் யோசிக்கவே இல்லை. பாலத்தைப் பார்த்து ஓடவிட்டேன் உன் படையை. பகடையும் எனக்கே விழுந்தது. இன்னும் கொஞ்சம் போனால் பாலம் நம் கையில். மேஜையை அன்று மாலையே கழுவித் துடைத்து, அதில் இலை போட்டு மூன்று பேரும் சாப்பிடுவதாக மனதுக்குள் பார்த்தே விட்டேன்.

"முரசுக்காரன எங்க தங்கச்சி?" என்றார் பீரண்ணன்.

"உருகிப் போயிட்டான் அண்ணே."

அப்போதுதான் அம்மா டீ கொண்டுவந்தாள். தம்ளரை வைக்கக் குனிந்தபோது அவள் முந்தானை முடிச்சு மேஜை விளிம்பில் டொக்கென்று இடித்தது. முடிச்சுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன முரசுக்குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன், பீரண்ணனும் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"லீவுக்கு வருவல்லா பீரு?"

"வராம எங்க போவேன்மா?"

"ஊருக்கு வருவ. இங்கன எதுக்கு வருவ, இது முடிஞ்சிட்டுன்னா? அவனத் தேடிக்கிட்டு இந்த வாசல்ல ஏறுதது இப்ப நீ ஒருத்தந்தாம்ப்பா."

பீரண்ணன் கையிலிருந்த பகடையை வைத்துவிட்டார்.

"முரசுக்காரன் உருகல தங்கச்சி. டப்பாக்கு வெளிய எங்கயோ பத்திரமா இருக்கான். சாயம்தான் பூசல. சட்டப்படி ஆட்டம் முடியாது. வந்து பாத்துக்கிடுவோம், இன்ஷா அல்லா."

அவர் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் நான் பிடித்து பெட்ஷீட்டைத் திரும்ப மூடினோம். இத்தனை மாதமாக இந்த மேஜையைக் காலி செய்யத் துடித்தவள் நான். அம்மா அதைக் காலியாகவிடாமல் காவல் காத்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு எப்படி அண்ணே இது தெரியாமல் போயிற்று?

இன்று காலை முதல் வேலையாக அந்த வெள்ளைத் துணியை எடுத்துவிட்டு நீ உடுத்திய கட்டம்போட்ட சாரத்தை விரித்தேன். அம்மா பார்த்தாள். வந்து ஒரு மூலையைச் சரியாக இழுத்துவிட்டுப் போனாள்.

பீரண்ணன் லீவுக்கு வந்து, அம்மா தன் கையால் முடிச்சை அவிழ்த்துத் தருகிற அன்று முரசுக்காரனுக்குச் சிவப்புச் சட்டை போட்டு, கண்ணும் வைப்பேன். அதுவரை நாங்கள் தரையிலேயே சாப்பிட்டுக்கொள்கிறோம். நீ கவலைப்படாதே. காத்திருக்கப் பழகிக்கொள்கிறேன்.

உன் அவசரக்குடுக்கைத் தங்கச்சி,
செல்வி