பொம்பளைங்களுக்கு இது சகஜமாம்

அக்கா,

எதிர்வீட்டில் யாரோ பார்லி கொதிக்க வைக்கிறார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. நீ போனதிலிருந்தே இந்த வாசனைக்கு எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த நாம் இருவரும் தண்டையார்பேட்டையில் இந்த வீட்டில்தான் குடித்தனம் செய்தோம். கீழே நீ, மேலே நான். உன் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மாடியிலிருந்தே சொல்லிவிடுவேன். பார்லியை நீ உனக்காகக் கொதிக்க வைத்த நாள் எனக்கு நினைவில்லை. ஒரு தடவை மகளுக்காக, ஒரு தடவை வீட்டுக்காரருக்காக.

உன் மகள் திவ்யாவுக்கு அப்போது இரண்டு வயது. சளி இல்லை, இருமல் இல்லை, காய்ச்சல் மட்டும் விடவே இல்லை. குடித்த பாலையெல்லாம் கக்கினாள். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா முதலில் கேட்டது மூத்திரத்தைத்தான். “பெரியவங்கன்னா எரியுதுன்னு சொல்வாங்க. குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, காய்ச்சலாத்தான் காட்டும்” என்றார். அதில் கிருமி இருந்தது. மூத்திரம் திரும்பிக் கிட்னிக்கு ஏறுகிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். விட்டுவிட்டால் சின்ன வயசிலேயே கிட்னியில் தழும்பு விழுந்துவிடும் என்று பயமுறுத்தி, மருந்தை முழுசாகக் கொடுக்க வைத்தார்கள். “பாரேன், இத்தனூண்டு புள்ளைக்கு இன்னா இன்னா டெஸ்ட்டு!” என்று நீ சிரித்தாய். பிழைத்துக்கொண்டாள் என்ற சிரிப்பு அது.

பிறகு உன் வீட்டுக்காரருக்கு, மாமாவுக்கு, வந்தது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசையில் நாளெல்லாம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர், ஒருநாள் எரிச்சல் தாங்காமல் வீட்டுக்கு வந்து படுத்தார். மார்க்கெட் தெரு டாக்டரிடம் நாம் இருவரும்தான் கூட்டிப்போனோம். அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். “ஆம்பளைங்களுக்கு இது லேசுல வராதும்மா. வந்தா பின்னாடி ஏதாவது காரணம் இருக்கும். கல்லா, ப்ராஸ்டேட்டான்னு பார்க்காம விடக்கூடாது.” எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதினார். மூத்திரப் பையில் கல் இருந்தது. எடுத்தார்கள். மாமா கட்டிலில் சாய்ந்திருக்க, நீ டம்ளர் டம்ளராகப் பார்லித் தண்ணீர் ஆற்றிக் கொடுத்தாய்.

அதெல்லாம் சரியாகத்தான் செய்தார்கள், அக்கா. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு ஏன் செய்யவில்லை?

பருப்பு குடோனில் நாளெல்லாம் கல் பொறுக்கினாய். கக்கூஸ் சாவி மேஸ்திரியின் இடுப்பில் தொங்கும். “சாவி குடுன்னா, இப்பதானே போனே, மறுபடியுமான்னு எல்லார் எதிர்லயும் கேக்கறான்டி. அதுக்கு தண்ணியே குடிக்காம இருந்துட்டா நிம்மதி” என்பாய். உதடு வெடித்து வருவாய். அடிக்கடி எரிச்சல், அடிக்கடி அடிவயிற்று வலி. மருந்துக்கடையில் நாலு மாத்திரை வெட்டிக் கொடுப்பார்கள். எரிச்சல் அடங்கியதும் மிச்சத்தை டப்பாவில் போட்டுவைப்பாய். மாமியார் “எல்லாம் சூடு” என்பார்.

நான் பிடிவாதம் பிடித்து உன்னை அதே டாக்டரிடம் இழுத்துப்போனேன். இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. நீ வெட்கத்தோடு பாதி சொல்லும்போதே மாத்திரை எழுதி முடித்துவிட்டார்.

“மறுபடி மறுபடி வருதே டாக்டர், அவருக்கு எழுதுன மாதிரி டெஸ்ட் ஏதாவது?” என்று நான் கேட்டேன்.

“பொம்பளைங்களுக்கு இது சகஜம்மா. தண்ணி நெறைய குடிக்கச் சொல்லு” என்றார்.

வெளியே வந்ததும் நீ என்னைத்தான் அதட்டினாய். “ஏன்டி டாக்டராண்ட போய் சண்ட வலிக்கிற? அவருக்குத் தெரியாததா?”

அடுத்த மழைக்காலத்தில் நீ குடோனிலிருந்து நடுங்கிக்கொண்டே வந்தாய். போர்வை மேல் போர்வை போட்டும் குளிர் அடங்கவில்லை. முதுகின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “இங்க யாரோ கத்தி வெச்சு குத்தற மாதிரி கீதுடி” என்றாய். மார்க்கெட் தெரு டாக்டர் வைரல் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பினார். மறுநாள் என்னைப் பார்த்து “நீ யாரு?” என்று கேட்டாய். ஆட்டோவில் உன் தலை என் மடியில் கிடந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர் உன் முதுகில் லேசாகத் தட்டினார். நினைவில்லாமலே நீ அலறினாய். “கிட்னிக்கு ஏறி ரத்தத்துல கலந்துடுச்சு. இவங்களுக்கு இதுவரைக்கும் கல்ச்சர் எடுக்கவே இல்லையா?” என்று கேட்டார். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று தெரிய வருவதற்குள் நீ போய்விட்டாய்.

அந்தப் பெண் டாக்டர்தான் எனக்கு விளக்கினார். பெண்ணுக்கு மூத்திரக் குழாய் குட்டையாம். கிருமி சுலபமாக ஏறிவிடுமாம். அதனால்தான் நமக்கு அதிகம் வருகிறதாம். அதிகம் வருவதை அதிகமாகத்தானே கவனிக்க வேண்டும்? ஆணுக்கு அபூர்வமாக வருகிறது என்று துருவித் துருவிப் பார்த்தார்கள். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது என்று தேடிப் பார்த்தார்கள். நீ வாய்விட்டுச் சொன்னாய், ஒருவரும் காதில் வாங்கவில்லை.

உன்னைக் கிடத்தியிருந்தபோது வந்தவர்களிடமெல்லாம் “காய்ச்சல்ல பூட்டா” என்றார்கள். நான் எழுந்து, “காய்ச்சல் இல்ல. மூத்திரத்துல வந்த கிருமி” என்று கத்தினேன். மாமியார் என் வாயைப் பொத்தினார். “சாவு வூட்ல கலீஜா பேசாதடி.” எது கலீஜ், அக்கா? நீ செத்தது கலீஜ் இல்லையா?

இப்போது சொல்ல வந்தது இதுதான். திவ்யா காலேஜ் போகிறாள். போன மாதம் அவளுக்கு எரிச்சல் வந்தது, மாத்திரையில் அடங்கி, உடனே திரும்பியும் வந்தது. அதே மார்க்கெட் தெருவுக்குத்தான் போனேன். வேண்டுமென்றேதான் போனேன். டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது, வார்த்தை மாறவில்லை. “வயசுப் பொண்ணுங்களுக்கு இது சகஜ...” என்று ஆரம்பித்தார்.

நான் அவர் மேஜையில் கையை ஊன்றினேன். “இவ குழந்தையா இருந்தப்ப ஸ்கேன் எடுத்தாங்க. இவ அப்பனுக்கு நீங்களே எல்லா டெஸ்டும் எழுதனீங்க. இவ அம்மாவுக்கு சகஜம்னு சொன்னீங்க, பொணமா தூக்கினு போனோம். இவளுக்கு கல்ச்சர் எழுதுங்க. எழுதாம நான் இங்கேர்ந்து நவுர மாட்டேன்.”

வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே எழுதினார். முதலில் தந்த மாத்திரை அந்தக் கிருமிக்கு வேலை செய்யாது என்று தெரிந்தது. மருந்தை மாற்றி முழுசாகச் சாப்பிட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

ரிசல்ட் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வரும்போது அவள் கேட்டாள். “சித்தி, அம்மாவுக்கும் இத எழுதியிருந்தா?”

எல்லோரும் அவளிடம் விதி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லி அவளைத் தேற்றியிருக்கலாம். வாய் வரவில்லை.

“பொழச்சிருப்பாடி” என்றேன்.

அவள் அழவில்லை. உன்னைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். பிறகு, “அந்த குடோன்ல இப்பவும் சாவி மேஸ்திரியாண்டதான் கீதா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றேன்.

“நாளைக்கு என்னை அங்க கூட்டினு போ, சித்தி” என்றாள்.