மேனேஜரின் சட்டைப்பை

மார்ச் 3, செவ்வாய்

மேனேஜர் விழுந்துவிட்டான். திரைச்சீலைக் கம்பியிலிருந்து என் தோளுக்குத் தாவுவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உள்ளங்கை அளவு அணில் மாதிரிதான் இருப்பான்; கை கால்களை விரித்தால் இரண்டு பக்கத் தோலும் கைக்குட்டை மாதிரி விரியும்; மிதந்து வந்து இறங்குவான். இன்று கம்பி வரைக்கும்கூட ஏறவில்லை. பாதித் துணியிலேயே நழுவித் தொப்பென்று விழுந்தான். பிறகு முன்கைகளால் தன்னை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போனான். பின்கால் இரண்டும் ஈரத்துணி போலப் பின்னால் வந்தன.

வயதாகிவிட்டது, தெரியும். எனக்கும்தான் ஆகிவிட்டது. நான் விழவில்லையே.

மார்ச் 4, புதன்

டாக்டரம்மா சின்னப் பெண். "சுகர் கிளைடர் இந்த வயசு வரைக்கும் இருக்கிறதே பெரிசு பாட்டி" என்றாள். இது பாராட்டா, பயமுறுத்தலா? கிட்னி இரண்டும் போய்க்கொண்டிருக்கிறதாம். பின்கால்களில் இனி உணர்ச்சி வராதாம். தோலுக்கடியில் ஊசியால் தண்ணீர் ஏற்ற வேண்டும். சாப்பாட்டைக் குழைத்து வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அடிவயிற்றைத் தடவிக்கொடுத்து மூத்திரம் எடுக்க வேண்டும்.

"யாரு செய்வீங்க?" என்றாள்.

"நான்தான். வேற யாரு இருக்கா?" என்றேன். மகன் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

பெயர்க்காரணம் கேட்டாள். என் வீட்டுக்காரர் வைத்த பெயர். அவர் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு மேனேஜர் இருந்தான். "பகல் பூரா கண்ணாடி ரூம்ல தூங்குவான். நாம வேலை முடிச்சுக் கிளம்புற நேரத்துல முழிச்சுக்கிட்டுக் கத்துவான். உச்சந்தலையில வழுக்கை வேற. இவனும் அப்படியே அச்சுல வார்த்த மாதிரி" என்பார். கிளைடரில் ஆணுக்கு உச்சந்தலையில் ஒரு திட்டுக்கு முடி இருக்காது. டாக்டரம்மா சிரித்தாள். எனக்கு வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஊசியை எடுத்தேன், குத்த மனசில்லாமல் டப்பாவிலேயே வைத்துவிட்டேன். மருமகள்தான் போட்டாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், கை ஆடவில்லை. "நீங்க தலையை மட்டும் பிடிங்க அத்தை" என்றாள். பிடித்தேன். நன்றாகத்தான் செய்தாள். அதற்காக, கல்யாணமாகி வந்த புதிதில் என் டீயைக் குடித்துவிட்டு "பாத்திரம் கழுவின தண்ணியா அத்தை?" என்று கேட்டதை நான் மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

மார்ச் 7, சனி

குழைத்த ஆப்பிள் கொஞ்சம் உள்ளே இறங்கிற்று. போதும்.

மார்ச் 9, திங்கள்

கீழ் வீட்டுக்காரி படிக்கட்டில் மடக்கி, "எலி எப்படி இருக்கு?" என்றாள். இத்தனை வருஷமாக எலிதான் அவளுக்கு. "எலி உங்க வீட்டு அரிசி டப்பாவுல இருக்கும், போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன்.

மேனேஜர் தூங்குவது என் வீட்டுக்காரரின் நீலக்கட்டச் சட்டைப்பையில். அவர் உயிரோடு இருக்கும்போதே அதுதான் இவன் வீடு. அவர் போன பிறகு அந்தச் சட்டையை நான் துவைக்கவே இல்லை. ஆனால் அவர் வாசம் எனக்கு எப்போதோ போய்விட்டது. எவ்வளவு இழுத்து மோந்தாலும் வெறும் துணி. இவனுக்கு மட்டும் இன்னும் இருக்கிறது. பைக்குள் மூக்கைப் புதைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, அப்புறம்தான் தூங்குவான்.

இவனும் போய்விட்டால், அந்தச் சட்டையில் அவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்கு யார் சொல்வது?

மார்ச் 11, புதன்

டாக்டரம்மா இன்று சுற்றி வளைக்கவில்லை. "இனி அவனுக்குச் சரியாகாது பாட்டி. கஷ்டப்படாம ஒரு ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

மகன் தலையாட்டினான். யோசிக்கவே இல்லை, உடனே ஆட்டினான்!

அவனுக்கு இது புதிதா என்ன? அவன் அப்பா மூச்சு மிஷினில் கிடந்த கடைசி நாள். "நீ போய் முகம் கழுவிட்டு வாம்மா" என்று என்னை அனுப்பினான். போனேன். எல்லாம் கண்ணுக்குள் இருக்கிறது: ரோஸ் நிற சோப்பு, மூட மூடச் சொட்டிக்கொண்டிருந்த இடது குழாய், பக்கத்தில் நின்று பிளாஸ்க் கழுவியவளின் கைமூட்டு மச்சம். திரும்பி வந்தேன். மிஷின் சத்தத்தைக் காணோம். "அப்பா தூங்கிட்டாரும்மா" என்றான். அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் தலையாட்டியவனும் இவன்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டானா? கட்டிக்கொண்டவள் அங்கே முகம் கழுவிக்கொண்டு நிற்கிறேன்!

அன்றிலிருந்து அவன் "எழுந்து வா" என்றால் நான் எழுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும்தான். அவன் சாப்பிட்டுப் போன பிறகு எழுந்து போய்ச் சாப்பிடுவேன். அவனுக்கும் தெரியும். ஏன் என்று கேட்டதில்லை.

மார்ச் 12, வியாழன்

மேனேஜரை ரவிக்கைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து குளிக்கவில்லை. நான் குளிக்கிற நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? ஒரு தரம் ஏமாந்தது போதும்.

மருமகள் மூக்கைச் சுருக்கினாள். "அத்தை, நான் வச்சுக்கிறேன், நீங்க குளிச்சிட்டு வாங்க."

"ஏன், என் டீ மாதிரி நாறுதா?"

போய்விட்டாள்.

மார்ச் 14, சனி

சண்டை. மகன் ரொட்டி வேனை விட்டுவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் படுற பாட்டைப் பாரும்மா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உனக்குப் பாக்கக் கஷ்டமா இருந்தா கண்ணை மூடிக்க. மத்தவங்க கண்ணை மூட வைக்கத்தான் உனக்கு நல்லாத் தெரியுமே!"

மருமகள் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அவன் வேன் சாவியை மேஜையில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"உன்னைக் கேட்டிருந்தா நீ சொல்லணுமேம்மா" என்றான்.

"என்னத்தை?"

"சரின்னு."

போய்விட்டான். எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு! சண்டையில் நான் வாயடைத்து நின்றதாகச் சரித்திரமே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் அவன்மேல் கோபம்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று என் விரலில் இருந்த தேனைத் தானாக நக்கினான்! பிறகு பழைய மாதிரி நாய்க்குட்டிக் குரலில் ஒரு குரை. ஒன்றே ஒன்று. மருமகள் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். "மேனேஜர் சார் ஆபீஸ் வந்துட்டாரா?" என்றாள். என் வீட்டுக்காரர் கேட்கிற மாதிரியே.

டாக்டருக்கு எல்லாம் தெரியுமா என்ன? சின்னப் பெண்தானே.

மார்ச் 17, செவ்வாய்

காலைக் கடித்துத் தின்கிறான். தன் காலையே. உணர்ச்சி இல்லாத கால், ஏதோ அந்நியப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டான் போல. பையில் கை விட்டேன், பிசுபிசு என்று — ஐயோ, எல்லாம் ரத்தம். நீலக்கட்டம் தெரியவில்லை.

காலைக் கடிக்க முடியாதபடி மருமகள் எக்ஸ்ரே பிலிமை வட்டமாக வெட்டி அவன் கழுத்தில் மாட்டினாள். அதற்குள் தலையை வைத்துக்கொண்டு கத்துகிறான். ஸ்டார்ட் ஆகாத மோட்டார் மாதிரி, கர்ர் கர்ர் என்று. நிறுத்தவே மாட்டேங்கிறான். டேய், ஏண்டா இப்படிப் பண்ற? நான் என்னடா செய்யட்டும்? சொல்லுடா. வலிக்குதா, கோபமா, என்னடா வேணும் உனக்கு? உங்க ஐயாவைக் கூப்பிடுறியா? நானும்தான் கூப்பிடுறேன். வரமாட்டேங்கிறாரே.

மார்ச் 18, புதன்

கழுத்திலிருந்த பிலிமைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துப் பார்த்தேன். மூக்கைப் புதைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மார்ச் 19, வியாழன்

காலையில் நானே சொன்னேன், "வேனை எடு" என்று.

வேன் முழுக்கப் புது ரொட்டி வாசம். மடியில் சட்டை, சட்டைக்குள் அவன். மகன்தான் ஓட்டினான். சின்னப் பள்ளத்துக்குக்கூட வண்டியை ஊர வைத்தான்.

டாக்டரம்மா மேஜையில் துண்டு விரித்திருந்தாள். "நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. உங்கள்ல ஒருத்தர் சரின்னு சொல்லணும்" என்று எங்கள் இருவரையும் பார்த்தாள்.

மகன் மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தான். கீழுதடு பிதுங்கிற்று, சின்ன வயதில் கீழே விழுந்துவிட்டு அழுவதா வேண்டாமா என்று என்னைப் பார்ப்பானே, அப்படி. சொல்லிவிடுவான். இதையும் இவனே சொல்லிவிடுவான். சொல்லிவிட்டு, அதையும் தூக்கிக்கொண்டு திரிவான்.

"நீ போய் முகம் கழுவிட்டு வா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். போனான்.

நான் தலையாட்டினேன்.

முதலில் மயக்க மருந்து கொடுத்தாள். கத்தல் நின்றது. கைக்குள் வைத்துக்கொண்டு அவன் உச்சந்தலை வழுக்கையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தேன். அவள் "போதும் பாட்டி, முடிஞ்சிருச்சு" என்று என் மணிக்கட்டைத் தொட்ட பிறகும் அந்த இடம் சூடாகத்தான் இருந்தது.

மகன் வர நேரமாயிற்று. வந்தபோது தண்ணீர் சட்டைக் காலர் வரைக்கும் வழிந்திருந்தது.

"மேனேஜர் தூங்கிட்டாருப்பா" என்றேன்.

முகம் கழுவ இவ்வளவு நேரமா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு என்னையும் யாரும் கேட்கவில்லை.

மார்ச் 21, சனி

"துவைக்கட்டுமா அத்தை, இல்ல அப்படியே வச்சிக்கிறீங்களா?" என்று மருமகள் சட்டையைக் காட்டிக் கேட்டாள். துவை என்றேன். பால்கனிக் கொடியில் காய்கிறது. கறை முழுதாகப் போகவில்லை, கட்டம் தெரிகிறது. கேட்டுவிட்டுச் செய்தாள், அது நல்லது. டீ விஷயம் டீ விஷயம்தான்.

சாயங்காலம் மகன் கதவருகே நின்று, "எழுந்து வாம்மா, சாப்பிடலாம்" என்றான். என்றைக்கும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, என்றைக்கும்போலப் பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தான்.

எழுந்து அவன் பின்னாலேயே போனேன்.