ஆடி மாதக் கல்யாணம்

சவேனி,
11 பிப்ரவரி 2001

அன்புத் தம்பி வீராவுக்கு,

அக்கா தாயம்மா எழுதுவது. இங்கே வெயிலும் கொசுவும் சௌக்கியம், நாங்களும் சௌக்கியம். பிரமிளாவும் ரொனிலும் எப்படி இருக்கிறார்கள்? தீபாவளிக்கு உன் வாழ்த்து அட்டை வந்தது. உள்ளே வெறும் கையெழுத்துத்தான் இருந்தது. இரண்டு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா?

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் இந்தத் தீவில் துப்பாக்கிக்காரர்கள் ஆட்சியைப் பிடித்த கலாட்டாவில் கிழக்கே மலைப்பக்கம், கப்பலேறிக் கரும்பு வெட்ட வந்த வம்சம் என்று நம் ஜனங்களை வீடு புகுந்து அடித்து விரட்டினார்களே, அவர்களை லௌடோக்காவில் முகாம் போட்டு வைத்திருந்தார்கள். கோயில் பெண்களோடு நானும் சோறு கொண்டுபோவேன். அங்கே சுஷீலா என்று ஒருத்தி. புருஷன் ராஜேந்திரா, ஒரே மகள் ரஷ்மி. மூன்று தலைமுறையாக இஞ்சியும் டாலோக் கிழங்கும் போட்ட குடும்பம். ஓடி வரும்போது சுஷீலாவின் கையில் இருந்தது ஒரு குழம்புக் கரண்டி. ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதைச் சொல்லி அவள் சிரிக்கிறாள், எனக்குத்தான் அழுகை வந்தது.

முகாமை மூடப் போகிறார்கள். மூவரையும் நம் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். டிராக்டர் நிற்கும் கொட்டகையில் இருக்கிறார்கள். எத்தனை நாள் அப்படி இருக்க முடியும்? அப்பா நம் இருவர் பேரிலும் எழுதிவைத்த காணியில் மாமரத்துப் பக்கம் சும்மாதான் கிடக்கிறது. அங்கே ஒரு தகர வீடு போட்டுக்கொள்ளட்டும். உன் கையெழுத்து இல்லாமல் முடியாது. காகிதம் இதோடு இருக்கிறது. கொஞ்சம் பேனாவைத் தேய்த்து அனுப்பு.

உன் அக்கா,
தாயம்மா

*

பிரிஸ்பேன்,
9 ஏப்ரல் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ரொனில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன டாட், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு?" என்றான். அவன் தமிழைக் கண்டது அவ்வளவுதான். ஒரு விதத்தில் நல்லது. நாம் என்ன எழுதிக்கொண்டாலும் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

காகிதத்தை இப்போது அனுப்பவில்லை. கோபப்படாதே. உனக்கு இளகிய மனசு. இன்றைக்கு மூன்று பேர், நாளைக்கு அவர்கள் சொந்தக்காரர்கள் வருவார்கள். வந்தவர்கள் கிளம்ப மாட்டார்கள். அரசாங்கம் எங்காவது இடம் கொடுக்கும், அதுவரை பொறுத்திருக்கட்டும்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. அந்த மாமரத்து மூலையில் ஒருநாள் வீடு கட்டுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே டிப்போவில் பஸ் கழுவுகிறேன். அப்பா இறந்தபோது வர முடியவில்லை. இந்த நாட்டில் தங்கக் காகிதம் இல்லாதவன் வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். இப்போது காகிதம் இருக்கிறது, வர வெட்கமாக இருக்கிறது. அந்த மூலையும் போய்விட்டால் எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

பிரமிளா உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறாள். சவேனியில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டேன். முறைத்தாள்.

பிரியமுள்ள தம்பி,
வீரா

*

சவேனி,
30 செப்டம்பர் 2001

வீரா,

ஸ்வெட்டர் வந்தது. போட்டுப் பார்த்தேன், வேர்த்து ஊற்றியது, பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பிரமிளாவிடம் சொல்.

இனி உனக்கு. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் கையெழுத்து எப்படியும் வரும் என்று நம்பி, ரோட்டுக் குழாயிலிருந்து சுஷீலாவுக்குத் தண்ணீர் இழுக்க, அந்தக் குழாயில் பங்குள்ள பத்து வீட்டுக்காரர்களிடமும் சம்மதம் கேட்டேன். போன ஞாயிறு மதியம் பக்கத்தில் இருக்கும் தேவேந்திராவின் வீட்டில் கூட்டம். யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கி வைத்து ஆளுக்கொரு சிரட்டை குடித்தார்கள். தண்ணீர் போதாது என்றார் ஒருவர். முகாம் ஆட்கள் திருடுவார்கள் என்றார் இன்னொருவர். யார் திருடியது, எப்போது என்று கேட்டால் சத்தம்தான் கூடியது. கதவோரம் நின்ற சுஷீலாவிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது தேவேந்திரா ஒரு கேசட்டைப் போட்டான். உங்கள் ஊரில் இருக்கும் அவன் மகன் ஷாலேஷ் ரேடியோவிலிருந்து பிடித்து அனுப்பியதாம். விக் என்று ஒருவன், கப்பலில் வந்த அகதிகளைப் பற்றிப் பேசுகிறான். வரிசையில் நின்று வரட்டும், பொய் சொல்லி வருகிறவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள் என்கிறான். இங்கிலீஷ்தான். ஆனால் அந்தக் குரலைத் தூளியில் போட்டு ஆட்டியவள் நான். "உங்க தம்பியே சொல்றான், அப்புறம் என்ன அக்கா?" என்றான் தேவேந்திரா. எல்லோரும் தலையாட்டினார்கள்.

நீ எந்த வரிசையில் நின்றாய்? லௌடோக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கக்கூட நீ வரிசையில் நின்றதில்லை. எண்பத்தேழில் பட்டாளம் பார்லிமெண்டுக்குள் நுழைந்த பிறகு என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாயே, மறந்துவிட்டதா? உனக்கு விசா கிடைக்க நான்தானே பத்திரிகை அடித்தேன்? பிரிஸ்பேனில் அனீலுக்கும் ரோஷனிக்கும் கல்யாணம் என்று. இல்லாத மாப்பிள்ளை, இல்லாத பெண். அவசரத்தில் ஆகஸ்ட் எட்டு என்று தேதி கொடுத்துவிட்டேன். அச்சுக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஆடி இருபத்திமூணு வருது. ஆடியில யாரும்மா கல்யாணம் வைப்பாங்க?" என்றார். "ஆஸ்திரேலியாவுல ஆடி கிடையாதுங்க" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அச்சுக் கோத்தார்.

அந்தப் பத்திரிகை ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. கூட்டத்தில் எடுத்துக் காட்டியிருந்தால் தேவேந்திராவின் வாய் அடைத்திருக்கும். காட்டவில்லை. உன்னைக் காட்டிக்கொடுத்து நான் தண்ணீர் வாங்க மாட்டேன்.

நீ கையெழுத்துப் போடு, போடாமல் இரு. நீ பொய் சொல்லிப் போனது தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உயிருக்குப் பயந்தவன் போனான், அவ்வளவுதான். அதை நீயே ஊரறியத் தப்பு என்று சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தாயம்மா

*

பிரிஸ்பேன்,
21 அக்டோபர் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை டிப்போவில் ஒரு காலி பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் படித்திருந்தால் பிரமிளா என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் கறந்திருப்பாள்.

இந்தப் பதினாலு வருஷத்தில் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று இந்த நாட்டில் ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை அக்கா. ரேடியோக்காரர் கேட்டார். அவருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு அதைச் சொன்னேன். நன்றாகச் சொன்னீர்கள் விக் என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு ஒரு வாரம் இனித்தது. எழுதவே கூசுகிறது.

வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டேன். விக் இல்லை, என் பேர் விரேந்திரா என்றேன். நானும் பொய்க் கல்யாணப் பத்திரிகை காட்டி வந்தவன்தான் என்று ஆரம்பித்தேன். நன்றி, அடுத்த நேயர் என்று வெட்டிவிட்டு டயர் விளம்பரம் போட்டுவிட்டார்கள். பிரமிளா கதவைச் சாத்திவிட்டு, போலீஸ் வருகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நின்றாள். இதுவரை வரவில்லை.

அங்கே என்னை யாரும் வெட்ட முடியாது. இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் படி. பத்திரிகையையும் காட்டு. எனக்காக நீ மறைத்தது போதும். சுஷீலாவையும் அவள் குடும்பத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனால் உன் சமையலறையில் உட்கார்ந்து அழுதவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கும் ஒரு இடம் தேவைப்பட்டது.

கையெழுத்துப் போட்ட காகிதம் இதோடு இருக்கிறது. அந்த மூலையையும் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

பேனா தேய்ந்துவிட்டது அக்கா.

உன் தம்பி,
விரேந்திரா

*

சவேனி,
2 டிசம்பர் 2001

என் கண்ணு வீராவுக்கு,

படித்தேன். தமிழ் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வரியாக ஹிந்தியில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். தேவேந்திரா தலையைக் குனிந்துகொண்டு யங்கோனாவைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

பிறகு பத்திரிகையைச் சுற்றுக்கு விட்டேன். ஒரு கிழவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அட, ஆடி மாசம்!" என்றார். முதலில் அவர் சிரித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தேவேந்திரா வாயைத் திறந்தான். "எங்க ஷாலேஷ் போனது சித்தப்பா செத்துட்டார்னு காட்டின தந்தியில. அந்தச் சித்தப்பா இன்னிக்கும் ரக்கிரக்கி ரோட்டுல பஸ் ஓட்டுறார்" என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, யார் யார் எந்தப் பொய்யில் போனார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவரவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் குறுக்கே பேசவில்லை. கடைசியில் தேவேந்திராவே சுஷீலாவைப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு தண்ணி வேணும்?" என்று கேட்டான். அவள் சொன்னாள். அவ்வளவுதானே என்றான்.

எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத மாட்டேன். ஒருவர் சிரட்டையை வைத்துவிட்டு எழுந்து போனார், இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் போகும்போது "என்னமோ பண்ணுங்க" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மாமரத்துக்குச் சற்றுத் தள்ளித் தகர வீடு எழும்பிவிட்டது. மாமரத்து மூலையை மட்டும் சுஷீலா தொடவில்லை. அந்த மூலைக்கு நாலடி இப்பாலேயே டாலோ நடுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அது அண்ணன் எடம்" என்கிறாள்.

இதோடு ஒரு கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. பயப்படாதே, பெண் நிஜம், நம் ரஷ்மிதான். மாப்பிள்ளை ரராவாய் ஊர்ப் பையன், சர்க்கரை மில்லில் வேலை. ஜனவரி இருபத்தேழு, தை மாதம், பஞ்சாங்கம் பார்த்துத்தான் வைத்தோம். பெண் வீட்டார் பெயர்களோடு உன் பெயரும் இருக்கிறது. சுஷீலா பிடிவாதமாகப் போடச் சொன்னாள்.

பதினைந்து நாளில் என் தம்பி திரும்பிவிடுவான் என்று அன்றைக்கு விசாக் காகிதத்தில் நான்தான் எழுதிக்கொடுத்தேன். பதினாலு வருஷமாகக் காத்திருக்கிறேன். அந்த ஆடி மாதக் கல்யாணம் இந்நேரம் முடிந்திருக்கும். வீட்டுக்கு வா.

உன் அக்கா,
தாயம்மா