தறிக்குழிக்குள் கால்

1978 கார்த்திகை, புதன் இரவு.

வெள்ளம் வடிந்துவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டுச் சிறுமி செல்வி, தன் அம்மாவைத் தறியில் உட்கார விடுவதில்லை. வெள்ளம் வந்த அன்று தண்ணீர் முதலில் ஊறியது தறிக்குழியில்தானாம். அம்மா அதற்குள் காலை விட்டாலே செல்வி அலறுகிறாள். அடித்தும் பார்த்துவிட்டார்கள்.

இன்று அவர்கள் வீட்டுக்குப் போய் நானே குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தேன். எனக்கு நெய்யத் தெரியாது. மிதிகட்டையை மிதித்ததும் பட்டிழை அறுந்தது. செல்வி சிரித்துவிட்டாள். மெல்ல வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.

"மறுபடியும் தண்ணி வந்தா டீச்சர்?"

"உன்னைத் தூக்கிக்கினு ஓடிடுவேன்."

"உங்களை யாரு தூக்குவாங்க?"

"வாயை மூடுடி" என்று அவள் அம்மா அதட்டினாள். நான் சிரித்து வைத்தேன்.

இப்போது மறுபடி தூறுகிறது. என் வீட்டில் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலைக் கீழே தொங்கவிட மனம் வரவில்லை.