மாக்கிறட்டின் கழுத்து, அன்ரோனெற்றின் பெயர்

கீரி,
மன்னார்.
12.03.2012

அன்பின் அன்ரோனெற் சித்திக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என் பிழைகளையும் மறைக்க மாட்டேன். போன கிழமை அம்மா போனில் "வெறும் கட்டிதான், ஒண்டுமில்லை" என்று உங்களுக்குச் சொன்னது முழு உண்மை அல்ல. கட்டி இருப்பது உண்மை. ஒன்றுமில்லையா என்பதுதான் இன்னும் யாருக்கும் தெரியாது.

வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. அப்பா தொழிலுக்குப் போகிறார். இந்த மாதம் சூடை மீன் நன்றாகப் படுகிறது.

அம்மாவின் கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசியைக் குத்தி எடுத்த உயிர்க்கலங்களைப் பரிசோதித்து, ரிப்போட்டை இங்கிலிசில் தந்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு நான்தான் வாசித்தேன். நிச்சயமில்லை என்பதுதான் அதன் சாரம். "மூண்டு கிழமை காக்க வைச்சுப்போட்டு, தெரியாது எண்டோ எழுதியிருக்கினம்?" என்று அம்மா கேட்டார். கெட்டது என்று எழுதவில்லை என்றேன். நல்லது என்றும் எழுதவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டேன். அது என் பிழை.

பிறகு டொக்டர் விளக்கினார். சில கலங்கள் வழமையான வடிவத்தில் இல்லையாம். ஆனால் புற்றுநோய் என்று சொல்லும் அளவுக்கு மாறவும் இல்லையாம். இப்படி ரிப்போட் வரும் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்குப் பயமில்லாத கட்டிதான். மிச்சப் பேர் யார் என்பதை இந்த ஊசியால் மட்டும் சொல்ல முடியாது. மூன்று மாதம் பொறுத்து மறுபடி குத்திப் பார்க்கலாம். அல்லது தைரொயிட் சுரப்பியில் அந்தப் பாதியை வெட்டியெடுத்துப் பரிசோதிக்கலாம். கட்டி இப்போது பதினெட்டு மில்லிமீற்றர். முந்திய அளவு தெரிந்தால் முடிவெடுக்க உதவும் என்று சொல்லி, முன்பு ஸ்கேன் எடுத்ததா என்று கேட்டார். அம்மா இல்லை என்றார்.

சித்தி, எனக்கு நினைவிருக்கிறது. இந்தியாவில் உங்களோடு மண்டபம் முகாமில் இருந்தபோது, கோயில் வளவில் இலவசமாகக் கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். அம்மாவின் அகதி அட்டை, நாடு திரும்பும் விண்ணப்பத்தோடு முகாம் அதிகாரியின் கந்தோரில் இருந்ததால் உங்கள் அட்டையைக் கொண்டுபோனார். "அன்ரோனெற்" என்று கூப்பிட்டபோது, மாக்கிறட் என்றே கேட்டுப் பழகிய அம்மா எழும்பாமல் இருந்தார்; நான்தான் இடித்து எழுப்பினேன். உங்கள் பெயரில் வந்த ரிப்போட்டை உங்கள் பெட்டியில் வைத்தீர்கள். ஆறு மாதத்தில் திரும்பக் காட்டச் சொன்னார்கள். அதற்குள் நாங்கள் இங்கே வந்துவிட்டோம்.

அம்மா மருந்து எடுக்க வரிசையில் நின்றபோது நான் திரும்பிப் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பேரை வைச்சு நான் என்ன செய்யிறது, பிள்ளை? எனக்கு அளவுதான் வேணும்" என்றார். அது மட்டும் எல்லாவற்றையும் தீர்க்காது, ஆனால் கட்டி வேகமாக வளர்ந்திருந்தால் பொறுக்க விடமாட்டேன் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் அம்மாவிடம் ஒத்துக்கொண்டேன். "உன்ர வாய்க்கு ஒரு பூட்டு வாங்கோணும். அவளும் இஞ்ச வர எழுதிக் குடுத்திருக்கிறாள். அட்டையில கள்ளம் எண்டு பிடிச்சு அவளை மறிச்சால்? அதை விட என்ர கழுத்தை வெட்டினாலும் காரியமில்லை" என்றார்.

அடுத்த கிளினிக் ஏப்ரல் ஒன்பதாம் திகதி. அதற்கு முன் அந்தக் கடதாசியைத் தேடி அனுப்புங்கள். பயமென்றால் பெயர் உள்ள பகுதியை வெட்டிவிட்டு, அளவும் திகதியும் உள்ள துண்டை மட்டுமாவது அனுப்புங்கள். அதில் பதினெட்டை விட மிகச் சிறிய எண் இருந்தாலும், எங்களுக்காகப் பயந்து அதை மறைத்துவிடாதீர்கள். நீங்களும் கெதியில் வரவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் மன்றாடுகிறோம்.

உங்கள் அன்பு மகள்,
கிருஷாந்தினி

பி.கு: இதை நான் காலையில் எழுதுகிறேன். நேற்று இரவு நான் முகம் கழுவப் போன நேரத்தில் அம்மா கடிதத்தை வாசித்துவிட்டார். ஏச்சு விழும் என்று நின்றேன். "அவளைப் பயப்பிடாம இருக்கச் சொல்லி எழுது" என்றார். உடனே எழுத உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பாமலே, "விடியட்டும்" என்று லைற்றை நிறுத்திவிட்டார்.